நூறு வாய்க்கு ஒரே வயிறு

சென்னையில் மீன்தொட்டிக் கடையில் வேலை பார்த்த சித்தப்பா, ஒரு ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் பஸ்ஸில் ஒரு வாளியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். மீன் என்று ஓடினேன். உள்ளே வெந்த காளான் மாதிரி ஒரு சதைதான் கிடந்தது. பவளம் என்றார். அம்மா தன் பவள மோதிரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இது கல்லாகாத, மெத்தென்ற சாதியாம். உப்பைக் கரைத்து ஒரு கடலையே செய்து, கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியில் ஊற்றி, நீல விளக்குப் போட்டு வைத்தார். எல்லாம் சித்தி பார்க்கட்டும் என்றுதான்.

சித்தி அதே கூடத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் வயிற்றில் உண்டான குழந்தை தங்காமல் போயிருந்தது. எனக்கு யார் அதையெல்லாம் சொன்னார்கள்? சித்திக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவுதான். மசக்கையில் வாயில் ஒன்றும் வைக்க முடியாமல் கிடந்தவள், இப்போது தட்டையே தொடுவதில்லை. இப்படியே போனால் வெள்ளிக்கிழமை மாகறலிலிருந்து அவள் அப்பா வந்து கூட்டிப்போய்விடுவார் என்று பேசிக்கொண்டார்கள். எனக்குத் தலை பின்னிவிட்டு, என் ரகசியங்களைக் கேட்டுக்கொள்ள அவளை விட்டால் அந்த வீட்டில் ஆள் கிடையாது. போனால் திரும்பி வரமாட்டாள் என்று பயந்து செத்தேன்.

அந்த ஜந்துவும் லேசுப்பட்டதல்ல. காலையில் சுருங்கிக் கிடக்கும். மத்தியானம் பார்த்தால் உப்பி எழுந்து, உடம்பெல்லாம் பூவிரித்து நிற்கும். ஒவ்வொரு பூவுக்கும் நடுவில் ஒரு வாய். அதற்கு நெஞ்சும் கிடையாது, ரத்தமும் கிடையாது என்றார் சித்தப்பா. வாய்க்குள்ளிருக்கும் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் அசைந்து அசைந்தே தண்ணீரை உள்ளே இழுக்குமாம். அது சதைக்குள் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து ஓடுமாம். ஒரு வாய் தின்றால் போதும், ஒட்டிக்கொண்டிருக்கும் எல்லாவற்றுக்கும் பங்கு போய்ச் சேர்ந்துவிடுமாம்.

வியாழக்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. தொட்டிக்குக் காற்றூதும் மோட்டார் நின்று, குமிழிகள் அடங்கிவிட்டன. அசையாத தண்ணீருக்குள் அது மட்டும் மெல்ல மெல்ல உப்பிக்கொண்டிருந்தது. யாரும் ஊதவில்லை, உள்ளே எதுவும் துடிக்கவில்லை. சோற்றுத் தட்டோடு சித்தியிடம் போய் ஒட்டிக்கொண்டேன். அவளும் இந்தப் பக்கம் திரும்பி, கண் இமைக்காமல் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவள் உள்ளங்கையோடு என் இடது உள்ளங்கையை இடைவெளியில்லாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேருக்காகத் தின்ன ஆரம்பித்தேன்.

"சித்தி, வருதா?"

"இன்னா வருதா?"

"சோறு."

சித்தப்பா சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். எத்தனையோ நாளைக்கப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப ஒண்ணு துன்னாம கெடந்தா, அதோட ஒட்டிக்கினு கீறதுக்கும் ஒண்ணும் போவாதா?"

எவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டாள் என்று எனக்கு ஒரே பெருமை. "போவாது சித்தி. பட்டினியிலயே செத்துப்பூடும்."

அவள் கையை உருவிக்கொண்டாள். என் தட்டைத் தன் பக்கம் இழுத்துத் தின்னத் தொடங்கினாள். மெல்லக்கூட இல்லை, அள்ளி அள்ளி விழுங்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் சோற்றிலேயே விழுந்தது. நான் ஜெயித்துவிட்டேன், இனி யார் வந்தாலும் சித்தி போகமாட்டாள் என்று எனக்குக் குதிக்கவேண்டும்போல் இருந்தது.

மற்றக் கையை முந்தானைக்குள் விட்டு அடிவயிற்றில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"வருதா?"

என்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"வருது சித்தி" என்றேன்.