குந்தாலிக்கும் ஆயுத பூசை

கோவில்பட்டியில் பைக் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் இசக்கிராஜாவுக்கு, கட்டை கட்டையாய் அடுக்கி உலகம் கட்டுகிற அந்த விளையாட்டு முதலில் துளியும் பிடிக்கவில்லை. கோயம்புத்தூரில் படிக்கும் மகள் ஜெயப்பிரியாதான், தூரத்தில் இருந்தாலும் சேர்ந்து விளையாடலாம் என்று லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். மனிதர் அதில் ஒரு குந்தாலி செய்து பாறை வெட்டினார். கொஞ்ச நேரத்தில் அது தேய்ந்து மாயமாய் மறைந்துவிட்டது. இருபது வருசமாய் ஒரே ஸ்பானரைப் பிடித்த கை, பொறுக்குமா? தேய்ந்தால் சரிபண்ண வேண்டாமா, இது என்ன கூத்து என்று போனில் மகளை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார்.

அவள் சிரித்துக்கொண்டே, கருவி செய்வதற்கென்றே யாரோ எழுதிய 'மாட்' என்கிற கூடுதல் நிரல் ஒன்றை விளையாட்டோடு சேர்த்துவிட்டாள். அதற்கப்புறம் இவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. அதில் தலை தனி, பிடி தனி, இரண்டையும் சேர்க்கிற கட்டு தனி. தேய்ந்தால் பழுது பார்க்கலாம், பிடி சரியில்லை என்றால் கழற்றி வேறு மாட்டலாம், பேர்கூட வைக்கலாம். வெட்ட வெட்ட வேலை பழகி இன்னும் வேகமாய் வெட்டும். இதை எழுதினவன் நிச்சயம் ஒர்க்ஷாப்காரன் மகன்தான் என்று அடித்துச் சொன்னார். அப்பாவும் மகளும் ஆளுக்கொரு குந்தாலி செய்துகொண்டார்கள். மகளுடையது ஒரு வருச உழைப்பு.

ஆயுத பூசையன்று ஸ்பானர்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். பூசை போட்டால் மறுநாள் காலைவரை எவர் வந்தாலும் தொடமாட்டார். விளையாட்டையும் விட்டுவைக்கவில்லை. அங்கேயும் குந்தாலியைச் சுவரில் மாட்டி, கீழே நாலு மஞ்சள் பூ நட்டுவைத்தார்.

சாயங்காலம் வாடிக்கைக்காரரான கடம்பூர்க்காரர் மகாராஜா, செயின் அறுந்த பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரே ஒரு லிங்க் போட்டால் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று கெஞ்சினார். நாளைக்குத்தான் என்று கறாராய்ச் சொல்லி, கை நிறையப் பொரிகடலையைக் கொடுத்து உட்காரவைத்தார் இசக்கிராஜா.

அந்நேரம் ஜெயப்பிரியா போன் பண்ணினாள். விளையாட்டில் சுரங்கம் சரிந்து அவளுடைய பொம்மை ஆள் செத்துப்போய்விட்டது. குந்தாலி உள்ளே கிடக்கிறது. அவள் மறுபடி பிறந்த இடமோ வெகு தூரம்.

"அப்பா, அஞ்சு நிமிசத்துல எடுக்கலேன்னா மறைஞ்சி போயிரும். நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க."

இசக்கிராஜா ஓடிப்போய் ஒர்க்ஷாப் மேசையில் இருந்த லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். பூசையை மீற மனசில்லாமல் வெறுங்கையால் பாறையைக் குத்தினார். ஒவ்வொரு கட்டையும் ஆடி அசைந்து உடைந்தது. இரண்டு நிமிசம்தான் பாக்கி. போனில் மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சாமி, கோவிச்சுக்காதே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, சுவரில் மாட்டிய குந்தாலியை எடுத்தார். அது பொலபொலவென்று குடைந்துகொண்டு போனது. உள்ளே மகளின் குந்தாலி கிடந்தது. எடுத்துவிட்டார். ஜெயப்பிரியா போட்ட சத்தத்தில் போனே அதிர்ந்தது.

பெருமையோடு திரும்பினார். தோளுக்குப் பின்னால் மகாராஜா பொரியை மென்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் அண்ணாச்சி, பூசை எனக்கு மட்டுந்தானா?"

இசக்கிராஜா இன்னொரு தரம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சந்தனப் பொட்டோடு இருந்த ஸ்பானரை எடுத்துப் பைக்குக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.