மூன்றாவது துளை

அத்தை எதைத் தொட்டாலும் முதலில் ஒரு முறை ஆட்டிப் பார்ப்பார். நாற்காலியில் உட்காருவதற்கு முன் அதன் முதுகைப் பிடித்து இடமும் வலமும் அசைப்பார். குழாயைத் திறக்கும் முன் குழாயை, பஸ்ஸில் ஏறினால் கம்பியை, கதவுக்கு வந்தால் தாழ்ப்பாளை. நான் பட்டம் வாங்கிய படத்தை வீட்டில் மாட்டிய அன்று எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். அத்தை மட்டும் ஆணியைப் பிடித்து ஆட்டினார். "ஆட்டம் இல்ல," என்றார். அவர் யாரையாவது பாராட்டினால் அப்படித்தான் பாராட்டுவார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

அவர் என் அப்பாவின் அக்கா. அவரும் மாமாவும் கத்திப் பட்டறை வைத்திருந்தார்கள். தகரக் கூரை போட்ட நீளமான ஓர் அறை. வாசல் பக்கம் மாமா இரும்பு வெட்டுவார், தீட்டுவார். உள்பக்கம், ஜன்னலுக்குக் கீழே, துளை போடும் மிஷினில் அத்தை நிற்பார். பிடி போடுவது அவர் வேலை. கத்தியின் பின்பக்கம் பிடிக்குள் போகிற தகட்டை அங்கே வால் என்பார்கள். வாலுக்கு இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்து, மூன்றையும் சேர்த்து மூன்று இடத்தில் துளைத்து, பித்தளைக் கம்பி செருகி அடித்தால் பிடி நிற்கும். இருபத்திரண்டு வருடம் அத்தை அந்தத் துளைகளைப் போட்டார். உட்கார்ந்து போட்டால் கை பொய் சொல்லும் என்று ஸ்டூலே வைத்துக்கொள்ளவில்லை.

அந்த மிஷின் பழையதாகவே வாங்கியது. பச்சை பெயிண்ட் உரிந்து, கைப்பிடியின் உருண்டை தேய்ந்து பளபளத்துக் கிடந்தது. நான் படித்து முடித்து வேலை கிடைக்காமல் பட்டறையின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஒன்பது மாதமும் அது ஓடும் சத்தம் என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அந்தச் சத்தம் சரியில்லை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஒருநாள் காலை மாணவர் விடுதிச் சமையல்கார அம்மா வந்தார். வலது கையில் கட்டு. பூசணிக்காய் வெட்டும்போது பிடி கழன்று திரும்பி, கை வழுக்கி, கத்தியின் விளிம்பிலேயே போய் மூடிக்கொண்டதாம். தையல் போட்டு மூன்று வாரம் ஆகியும் கடைசி இரண்டு விரல்கள் மடங்கவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து மாமா முன்கூட்டியே குரலை உயர்த்தத் தயாரானார். அந்த அம்மா பையிலிருந்து கத்தியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"யார் மேலயும் குத்தம் சொல்ல வரலைங்க. இதை வீட்ல வச்சிருக்கப் பயமா இருக்கு. அதான் கொண்டாந்தேன்."

அத்தை அதை எடுத்து ஆட்டினார். டொக், டொக் என்றது. அவர் முகம் அப்படி வாடிப்போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தப் பட்டறையில் பிடி போடுகிற ஆள் அவர் ஒருவர்தான். யார் போட்டது என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. அந்த அம்மாவை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கட்டுப்போட்ட கையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்.

"ஆட்டமே இல்லாத கத்தி ஒண்ணு போட்டுத் தர்றேன். நானே. என் கையால."

"எனக்கு எதுக்குங்க இனிமே," என்றார் அந்த அம்மா. பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்து, "சரி, போடுங்க. வந்து வாங்கிக்கறேன்," என்று சொல்லிப் போனார்.

அன்றைக்கே மிஷினைப் பார்க்க வேண்டும் என்றார் அத்தை. ஓடுகிற மிஷினை யாராவது நோண்டுவார்களா என்றார் மாமா. "மனுஷனுக்கே வயசானா ஆட்டம் வருது. மிஷினுக்கு வராதா?"

"உங்களை மாத்த முடியாது. இதை மாத்தலாம்ல?" என்றார் அத்தை, சிரிக்காமல்.

கல்லூரி லேபில் எனக்குத் தெரிந்த உதவியாளர் ஒருவரிடம் அளவு பார்க்கும் டயலை இரவல் வாங்கி வந்தேன். அதன் முனையைச் சுழலும் தண்டில் ஒட்டி வைத்துத் தண்டைக் கையால் மெல்லச் சுற்றினால், அது எவ்வளவு ஆடுகிறது என்று முள் காட்டும். அரை மில்லிமீட்டருக்கு மேல் போய் வந்தது. நேராக இறங்கித் துளைக்க வேண்டிய பிட் ஒரு பக்கமாக நழுவி, துளையைப் பெரிதாகவும் கோணலாகவும் குடைந்திருக்கிறது. கம்பி இறுக்கமாக உட்காரவே முடியாது. ஆரம்பத்தில் மரத்தை ஒட்டிய பசை பிடித்து நிற்கும், பிறகு தளரும். இதையெல்லாம் நான் விளக்கினேன். எப்போதிலிருந்து இப்படி என்று அத்தை கேட்டார். தண்டைத் தாங்கும் பேரிங் ஒரே நாளில் தேயாது, ஏழெட்டு வருடமாவது ஆகியிருக்கும் என்றேன். பரீட்சையில் பதில் சொல்கிற மாதிரி சொன்னேன். அந்த ஏழெட்டு வருடத்தில் எத்தனை சமையலறைக்குக் கத்தி போயிருக்கும் என்று அவர் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மிஷின் பழுது பார்க்கும் லேத்துக்காரர் வந்து தண்டைக் கழற்றிக்கொண்டு போனார். மூன்று நாளில் புதுப் பேரிங் போட்டு, தண்டைச் சரி செய்து, திரும்பப் பொருத்தினார். டயலை வைத்துப் பார்த்தேன். முள் அசைந்ததா என்று சந்தேகப்படும் அளவுக்குத்தான் அசைந்தது. அத்தை தன் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "ஆட்டம் இல்ல," என்றார். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இரண்டு மடங்கு விழுந்தது.

மறுநாள் ஒரு கேன்டீனுக்கு நாற்பது கத்தி போட வேண்டியிருந்தது. மூன்றாவது கத்தியில் பிட் உடைந்தது. புதிதாக மாட்டினார். அதுவும் உடைந்தது. போட்டு முடித்த துண்டுகளைத் திருப்பிப் பார்த்தால், முன்பக்கம் குறி வைத்த இடத்தில் நுழைந்த துளை பின்பக்கம் ஓரமாக வெளியே வந்திருந்தது. கம்பி நேராகப் போகவில்லை. அடித்துச் செருகினால் மரம் வாய் பிளந்தது. மத்தியானத்துக்குள் பதினோரு கத்தி பாழ். மிஷினைக் கெடுத்துவிட்டான் என்று மாமா லேத்துக்காரரைக் கூப்பிட்டுக் கத்தினார். அவர் ஒரு மரத்துண்டை எடுத்து, பேசிக்கொண்டே, ஏனோதானோவென்று ஒரு துளை போட்டார். அது நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. "மிஷின் சுத்தமாத்தாங்க இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் குனிந்து, மிஷின் மேஜையின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய், அத்தையை இன்னொன்று போடச் சொன்னேன். பிட் வந்து தொடுகிற நேரத்தில் மரத்தைப் பிடித்திருந்த அவருடைய இடது மணிக்கட்டு மயிரிழை அளவுக்கு எழுந்தது. தோள் லேசாக வலப்பக்கம் தள்ளியது. தண்டு தேயத் தேய, அது சாய்ந்த பக்கத்துக்கு எதிராக அவர் கை தானாகச் சாய்ந்துகொண்டே வந்திருக்கிறது. மிஷினின் கோணலில் பாதியை அத்தனை வருடமும் அவர் உடம்பு வாங்கிக்கொண்டிருந்தது. இப்போது மிஷின் நிமிர்ந்துவிட்டது. அவர் கை நிமிரவில்லை.

சொன்னேன். "நான் எங்கடி தூக்கறேன்?" என்றார். நம்பவில்லை. அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். போனில் வீடியோ எடுத்து, மாமாவும் லேத்துக்காரரும் நிற்கும்போதே, அவர் முன்னால் நீட்டினேன். அத்தை வீடியோவை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார்.

"இது என் கையா?"



ஆர்டர் நிற்கக் கூடாதே. இரண்டு நாளில் நான் ஓர் இரும்புச் சட்டம் வரைந்து கொடுத்தேன். லேத்துக்காரர் செய்து தந்தார். கத்தியையும் மரத்தையும் அதற்குள் வைத்துத் திருகை முடுக்கிவிட்டால் போதும். அசையாது. கைப்பிடியை இழுக்கத் தெரிந்த யாரும் துளை போடலாம். மாமாவே போட்டார். நாற்பது கத்தியும் சொன்ன தேதிக்குப் போயிற்று. இன்ஜினியரம்மா மானத்தைக் காப்பாத்திட்டா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மாமா சொன்னார். எனக்குக் கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. அதை மறைத்து எழுதிப் பயனில்லை.

அத்தை வாசலோரம் காகிதம் சுற்றும் மேஜைக்குப் போய்விட்டார். போகச் சொன்னவர் யாருமில்லை. ஒவ்வொரு கத்தியையும் ஆட்டிப் பார்த்துவிட்டுச் சுற்றுவார். எதுவும் ஆடவில்லை. ஒதுக்கி வைக்க ஒன்றுகூட அகப்படாததில் அவர் இன்னும் சிறுத்துப்போன மாதிரி எனக்குப் பட்டது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

விடுதி அம்மாவுக்கான கத்தியை மட்டும் துணியில் சுற்றி, மிஷினுக்குக் கீழே இருக்கும் இழுப்பறையில் வைத்திருந்தார். அதைச் சட்டத்தில் வைத்தால் ஐந்து நிமிட வேலை. சொல்லிப் பார்த்தேன்.

"அதுல வச்சா அந்தப் பெட்டி போட்ட ஓட்டை அது. நான் அவங்ககிட்ட சொன்னது என் கையாலன்னு."

கத்தி ஆடாமல் இருப்பதுதானே அந்த அம்மாவுக்கு முக்கியம், யார் கை என்பதா முக்கியம் என்று கேட்டேன். அது எனக்குத் தெரியாதா என்றார். பிறகு பேச்சை மாற்றிவிட்டார்.

மத்தியானம் மாமா கண்ணயரும் நேரத்தில் அத்தை சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கழித்துப்போட்ட மரத்துண்டுகளில் துளை போட்டுப் பழகுவார். பெருக்கும்போது ஓட்டை ஓட்டையாகத் துண்டுகள் கிடைக்கும். திருப்பிப் பார்ப்பேன். கோணல். மறுவாரம் கொஞ்சம் குறைந்த கோணல். ஒருநாள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "நீ போம்மா. நீ பாத்தா கை கேக்க மாட்டேங்குது," என்றார். அந்த வீடியோவுக்குப் பிறகு தன் கையின் கோணலைப் பற்றி அவர் என்னிடம் வெளிப்படையாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். இரண்டு முறை விடுதி அம்மா வந்து எட்டிப்பார்த்தார். இரண்டு முறையும் அடுத்த வாரம் என்றார் அத்தை.

குளிர் தொடங்கியபோது அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பியைப் படுத்தபடியே பிடித்து ஆட்டி, இது ஆடுது, நர்ஸுகிட்ட சொல்லு என்றார். சொன்னேன். ஐந்தாம் நாள் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து பட்டறையைத் திறந்த அன்று இழுப்பறையைத் திறந்தேன். துணிக்குள் கத்தியும், அதோடு சேர்த்துக் கட்டிய இரண்டு மரத்துண்டும் இருந்தன. இரண்டு துளை போட்டிருந்தார். மூன்றாவது இடத்தில் ஆணி வைத்துத் தட்டிய குறி மட்டும். எப்போது போட்டார் என்று தெரியவில்லை. அளந்து பார்த்தேன். முதல் துளை சற்றே சாய்ந்திருந்தது. இரண்டாவதில் சாய்வே இல்லை.

விடுதி அம்மா துக்கம் கேட்க வந்தார். நான் கத்தியைக் காட்டி, மூன்றாவதை இப்போதே சட்டத்தில் வைத்துப் போட்டு, பிடி மாட்டித் தந்துவிடுகிறேன் என்றேன். மாமாவும் வாங்கிக்கங்க என்றார். அந்த அம்மா மடங்குகிற விரல்களால் கத்தியைப் பிடித்து, ஜன்னல் பக்கம் தூக்கி, துளை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார்.

"ரெண்டு தடவ வந்து கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது."

நான் மறுபடியும் சொன்னேன், ஐந்தே நிமிடம் என்று.

"தர்றேன்னு சொன்னது அவங்க. நீ போட்டுக் குடுத்தா அது வேற கத்தி." அதை அதே துணியில் சுற்றி என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு அவர் வரவில்லை. மாமா இப்போது சட்டத்தை வைத்துத்தான் எல்லாம் போடுகிறார். இந்த வருடம் ஒரு கத்திகூடத் திரும்பி வரவில்லை. துணிக்கட்டு இழுப்பறையில் இருக்கிறது. மூன்றாவது குறியில் நான் பிட்டை வைக்கவில்லை. அத்தை அந்த அம்மாவுக்குத் தர வேண்டிய கத்தி இன்னும் கொடுபடவில்லை.