ஒருவேளைச் சாப்பாடும் மஞ்சள் கண்ணும்

என் மச்சானின் கண் மஞ்சளாக இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை. பாடி ஜங்ஷன் பக்கத்தில் எங்கள் கம்பெனி வாசலில் டீ போடுகிறவர்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. முப்பது வயது. அம்பத்தூரில் எங்களோடுதான் இருக்கிறான். செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். அந்த வாரம் அவனுக்கு மதிய ஷிப்ட் என்பதால் காலையில் என்னை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிடுவான். கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தான். கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம், வெறுங்கால். டீ கிளாஸை நீட்டும்போது டீ மாஸ்டர் அவன் முகத்தையே பார்த்தார்.

"இன்னா சாமி, கண்ணு மஞ்சளா கீது? மாலயப் போட்டுகினு இன்னா வேல பண்ற நீ?"

நின்றுகொண்டிருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். மாலை போட்டவன் குடிக்கமாட்டான், கறி தொடமாட்டான், செருப்புகூட மாட்டமாட்டான். அப்படிப்பட்டவனைப் பார்த்துக் கேட்டதுதான் அதில் சிரிப்பே. மச்சானும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தை மாதம் அவனுக்குக் கல்யாணம்.

பெண் ஆவடி. அவள் அப்பா அங்கே ராணுவத் தொழிற்சாலையில் வேலை, இன்னும் ஒரு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. எதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிற மனுஷன். நிச்சயதார்த்தத் தட்டில் வைத்த தேங்காயைக்கூடக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். "கல்யாணம் அமைந்தால் மலைக்கு வருகிறேன்" என்று மச்சான் வேண்டியிருந்தான். அமைந்தது, அதனால் மாலை. முதல் வருஷக் கன்னிச்சாமி இல்லையா, வேகம் ஜாஸ்தி. மத்தியானம் ஒருவேளைதான் சாப்பாடு, ராத்திரி ஒரு வாழைப்பழம் என்று அவனே முடிவு பண்ணிக்கொண்டான்.

டீ மாஸ்டர் கேட்ட அன்றைக்கே டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தோம். மறுநாள் பேப்பர் வந்தது. பிலிரூபின் என்ற வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: மூன்று. ஒன்றுக்கு மேலே போகக்கூடாதாம். அதற்குக் கீழே ஏழெட்டு வரிகள் இருந்தன. நான் அவற்றைப் பார்க்கவே இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் என் வேலையே உதிரிபாகம் அளந்து பார்க்கிற இன்ஸ்பெக்‌ஷன். இருபத்தாறு வருஷமாக ஒரு பீஸ் அளவு தப்பினால் நான் கேட்கிற முதல் கேள்வி, "நேத்து வரைக்கும் சரியா வந்துச்சே, நடுவுல எதை மாத்தினீங்க?" வீட்டில் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

மஞ்சள் என்றால் காமாலை, காமாலை என்றால் பத்தியம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வேர் அரைத்துக் கொடுக்கிற ஒருத்தரிடம் ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனேன். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, பருப்பு கூடாது, மோர்சாதம் மட்டும் என்றார். ஒருவேளைச் சாப்பாடு இப்போது அரைவேளை ஆனது. என் மனைவி தட்டில் அந்த வெள்ளைச் சோற்றை வைக்கும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சுவாள். மாலை போட்ட தம்பியைச் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். அவள் மறந்துபோய், "டேய், இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கடா" என்பாள், உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

பத்து நாள் கழித்து மறுபடி ரத்தம். நாலரை.

அதே வாரம் பெண்ணின் அப்பா வந்தார், முகூர்த்தப் புடவை நிறம் கேட்க. கதவைத் திறந்தவன் மச்சான். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கொஞ்ச நேரம் அவனையே பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. பையனுக்குப் பழக்கம் ஏதாச்சும்..."

"சார், சத்தியமா கிடையாது."

"சரி. இல்லைன்னா சந்தோஷம். ஆனா பழக்கமும் இல்லாம கண்ணு இப்படின்னா, அது அதைவிடப் பெரிசு இல்லையா?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "பத்திரிகை இன்னும் அச்சுக்குக் குடுக்கலை. ரெண்டு வாரம் போகட்டும்."

அவர் போனபிறகு மச்சான் போய்ப் பாத்ரூம் கண்ணாடியில் கீழ் இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். "என் ஈரல் போச்சா மாமா?" என்று கேட்டான்.

அரைமணி நேரத்தில் அந்தப் பெண் என் மனைவிக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. "அக்கா, அவர் குடிக்கறாரான்னு நான் கேக்கலை. டாக்டரைப் பாத்தாரான்னுதான் கேக்கறேன்." என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எந்த கேஜாலும் அளக்க முடியாது.

ஈரல் டாக்டர் ஒரு அம்மா. வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தடித்த வரியை விட்டுவிட்டு, நான் பார்க்காத வரிகளில்தான் அவர் விரல் நின்றது. ஈரல் கெட்டிருந்தால் ஏறவேண்டிய அளவு எதுவும் அங்கே ஏறியிருக்கவில்லை.

"பசி எடுக்குதா?"

"பயங்கரமா எடுக்குது மேடம்."

அவர் சிரித்துவிட்டார். "ஈரல் வீங்கினவங்க சோத்தைப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. வாந்தி? அரிப்பு? சிறுநீர் எப்படிப் போகுது, டீ கலர்ல?"

"இல்ல மேடம். எப்பவும் போலத்தான்."

"சமீபத்துல சாப்பாட்டுல என்ன மாத்தினீங்க?"

என் கேள்வி. என் வாயில் வந்திருக்க வேண்டிய கேள்வி. மச்சான் மாலையைத் தொட்டுக் காட்டி ஒருவேளைக் கதையைச் சொன்னான். பத்தியக் கதையை நான் சொன்னேன், தலையைக் குனிந்துகொண்டு. "முன்னாடி எப்பவாவது இப்படி ஆச்சா?" என்று கேட்டபோது என் மனைவிக்குத்தான் ஞாபகம் வந்தது. பத்தாம் வகுப்பில் காய்ச்சல் வந்து நாலு நாள் கஞ்சியிலேயே கிடந்தபோதும் கண் மஞ்சளாகி, தானாகவே போய்விட்டதாம். உடம்புச் சூடு என்று விட்டுவிட்டார்கள்.

டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னார். நம் ரத்தத்தில் இருக்கிற சிவப்பு அணு வயதாகி உடையும்போது ஒரு மஞ்சள் சரக்கு வரும். ஈரல் அதைத் தண்ணீரில் கரைகிற மாதிரி மாற்றிப் பித்தத்தோடு வெளியே அனுப்பும். மாற்றுகிற வேலையை ஒரு நொதி செய்கிறது. அந்த நொதியை எவ்வளவு செய்யவேண்டும் என்று சொல்கிற மரபணு சிலருக்குப் பிறவியிலேயே கொஞ்சம் சோம்பல். ஈரல் நன்றாகவே இருக்கும், அந்த ஒரு வேலை மட்டும் மெதுவாக நடக்கும். பட்டினி கிடந்தால் இன்னும் தேங்கும்.

"பாடி ஜங்ஷன்ல ஒரே ஒரு லேனைத் திறந்துவெச்ச மாதிரியா மேடம்?" என்று கேட்டேன்.

"அதேதான். வண்டி நிக்குது. ரோடு உடையலை."

ரத்த அணு வேகமாக உடைகிறதா என்று ஒரு டெஸ்ட், வயிற்றுக்கு ஒரு ஸ்கேன், இரண்டும் எழுதினார். அந்த நிலைமைக்கு ஒரு வெள்ளைக்காரர் பெயர் வைத்திருக்கிறார்கள். தான் நினைப்பது சரியாக இருந்தால் இதை நோய் என்றே சொல்லவேண்டாம் என்றார். "வேர் மருந்தை நிறுத்துங்க. பத்தியத்தையும் நிறுத்துங்க. மூணு வேளை வயிறாரச் சாப்பிட்டு அடுத்த வாரம் வாங்க."

ஆட்டோவில் வரும்போது மச்சானுக்கு வேறு கவலை. "மாமா, விரதம் கெட்டுடுமே?" வழியிலேயே அவன் குருசாமிக்குப் போன் போட்டோம். வேலப்பன்சாவடியில் லாரி மெக்கானிக். பின்னால் யாரோ சுத்தியலால் அடிக்கிற சத்தத்துக்கு மேலே அவர் கத்தினார்.

"சாமியே! ஒருவேளதான் துன்னணும்னு உனுக்கு யாரு சொன்னது? நா சொன்னனா? சுத்தமா சாப்புடுன்னு சொன்னேன். இட்லி இன்னா அசைவமா? வெறும் வயித்துல மலை ஏறி நடுவழியில உழுந்தீன்னா உன்ன எவன் தூக்கிகினு போறது?"

அன்று என் மனைவி இட்லிப் பானையை அடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. எட்டாவது இட்லியில் மச்சான் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் ஒன்பதாவதை வைத்தாள்.

அடுத்த வாரம் அளவு ஒன்றே முக்காலுக்கு இறங்கியிருந்தது. ஸ்கேன் சுத்தம், மற்ற டெஸ்டும் சரி. பேப்பரைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போன மாதிரி இருந்தது. பசித்தது.

அப்புறம்தான் சாப்பாட்டு இடைவேளைகளில் போனில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஐடிஐ படித்தவனுக்குப் புரிகிற அளவுக்குத்தான். அந்த மஞ்சள் சரக்கை வெறும் குப்பை என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்களாம். இப்போது ஆராய்கிறவர்கள், அது கொஞ்சம் கூடுதலாக இருந்தால் ரத்தக்குழாய்க்குக் காவலாகக்கூட இருக்கலாம் என்கிறார்கள். உறுதியாகச் சொல்லவில்லை, 'இருக்கலாம்' என்றுதான் எழுதுகிறார்கள். அந்தத் தயக்கமே எனக்குப் பிடித்தது. இன்னொன்று, சிறுநீருக்கு மஞ்சள் நிறம் வருவதற்குக் குடலில் இருக்கிற கிருமியின் எந்த நொதி காரணம் என்பதையே சமீபத்தில்தான் கண்டுபிடித்தார்களாம். தினம் பார்க்கிற விஷயம்! டீ மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். "அத்தக் கண்டுபுடிக்க இத்தினி வருசமா? போ நைனா, டீயக் குடி" என்றார்.

ஞாயிறு பெண்ணின் அப்பா வந்தார். மூன்று ரிப்போர்ட்டையும் வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு வரியைக்கூட விடவில்லை. நான் செய்திருக்க வேண்டியது. பிறகு நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பொறக்கற குழந்தைக்கு வருமா?"

"வரலாம்னுதான் டாக்டர் சொன்னாங்க," மச்சானே பதில் சொன்னான். "வந்தாலும் இப்படித்தான் இருக்குமாம். பட்டினி கிடக்கக்கூடாது, எந்த மருந்துக்கு முன்னாடியும் டாக்டர்கிட்ட இதைச் சொல்லணும். அவ்வளவுதான்."

என் மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். அவர் ரிப்போர்ட்டை மடித்து மச்சான் கையில் கொடுத்துவிட்டு, கொண்டுவந்திருந்த பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். பத்திரிகையின் மாதிரி. வரும்போதே கொண்டுவந்திருக்கிறார்!

"என் பொண்ணு குடுத்தனுப்புச்சு. நீங்க ரிப்போர்ட்டைப் படிங்கப்பா, நான் பத்திரிகையைப் பாத்து முடிச்சுட்டேன்னு சொல்லிடுச்சு" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னொரு விஷயம். தாலி கட்டற வரைக்கும் மாப்பிள்ளை பச்சைத்தண்ணிகூடக் குடிக்கக்கூடாதுன்னு எங்க பக்கம் ஒரு வழக்கம். எங்கப்பா, நான், என் தம்பிங்க எல்லாரும் அப்படித்தான் கட்டினோம். அதை எடுத்துடலாம்."

தை மாதம் முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம் முன்னால், பூந்தமல்லி மண்டபத்தில் மணமகன் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தேன். பட்டுவேட்டியில், தோளில் துண்டோடு, பெண்ணின் அப்பா. இரண்டு கையிலும் மூடிய தட்டு.

"நாலு இட்லி இருக்கு," என்றார், வீடியோக்காரன் பார்க்கிறானா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே. "சட்னி வேட்டியில சிந்தாம சாப்பிடச் சொல்லுங்க."