நாலில் ஒன்று போனால் ரெண்டு

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறேன். கூரை ஒழுகியது என்பேன், வாத்தியாருக்கு என் மூஞ்சி பிடிக்கவில்லை என்பேன், மூளை சூடானால் ஆகாது என்று டாக்டர் சொன்னார் என்பேன். உண்மையான காரணம் ஒரு கார் என்ஜின். நாலில் ஒன்று போனால் மூன்று என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் என் கண்முன்னால் நாலில் ஒன்று போய் ரெண்டு மிச்சம் நின்றது. அன்றைக்குக் குழம்பியவன் இன்றுவரை தெளியவில்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற வழியில் எங்கள் ஊர். தாத்தா ஒரு பழைய பிளசர் கார் வைத்திருந்தார். அவர் செத்த பிறகு அப்பாவும் பெரியப்பாவும் சொத்தைப் பிரித்தார்கள். நிலம் சரிபாதி. தென்னை சரிபாதி. கிணறு ஒருநாள் விட்டு ஒருநாள். காரிடம் வந்ததும் பஞ்சாயத்து நின்றுவிட்டது. எனக்குத்தான் என்றார் பெரியப்பா. எனக்குத்தான் என்றார் அப்பா. ஊர்ப் பெரிய மனிதர்கள் ஐந்து பேர் மூன்று தடவை டீ குடித்துவிட்டு, ஆட்டைக் கூறு போடுகிற மாதிரி ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். பாடி அண்ணனுக்கு, என்ஜின் தம்பிக்கு.

அன்று எல்லோரும் அதை நியாயம் என்றுதான் நினைத்தார்களாம். இப்படி ஒரு தீர்ப்பைக் கேட்டுத் தலையாட்டிய குடும்பத்தில் பிறந்த எனக்குப் படிப்பு ஏறாததில் ஆச்சரியமில்லை.

பெரியப்பா வீடு எங்கள் வீட்டை ஒட்டியே இருந்தது, நடுவில் ஒரு முள்வேலி. அந்தப் பக்கம் புளியமரத்தடியில் பாடி நிற்கும். பின்சீட்டில் பெரியம்மாவின் கோழி முட்டை போடும். இந்தப் பக்கம் எங்கள் மாட்டுக்கொட்டகையில், ஒரு லாரி டயரின் மேல், கோணிச் சாக்குப் போர்த்திக்கொண்டு என்ஜின் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் அம்மா வடகம் காயவைப்பாள். பிரிவினைக்குப் பிறகு அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. ஏதாவது சொல்லியே ஆகவேண்டுமென்றால் வேலிக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் சொல்வார்கள்.

"டேய், உங்கப்பன் மாடு நம்ம சோளத்துல மேஞ்சிக்கினு கீதுன்னு சொல்லு."

அப்பா பத்தடி தள்ளி நிற்பார். "மேஞ்சா ஓட்டச் சொல்லுடா. மாட்டுக்கு யாரு கொல்லைன்னு தெரியுமா?"

நான் நடுவில் நின்று ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலே சேதி போய்ச் சேர்ந்துவிடும். தபால்காரனாக வேலை பார்த்தது அப்போது மட்டும்தான்.

வருஷத்தில் மூன்று நாள் மட்டும் இது மாறும். எங்கள் குலசாமி வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், கல்வராயன் மலை மேல் இருக்கிறது. ஆடி வெள்ளியில் பொங்கல் வைக்கத் தாத்தாவின் காரில்தான் போகவேண்டும் என்பது வழக்கம். அதனால் வியாழக்கிழமை எங்கள் என்ஜினை மூங்கிலில் கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு வேலி தாண்டுவார்கள். புளியங்கிளையில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, அப்பாவும் பெரியப்பாவும் அதைக் காருக்குள் இறக்குவார்கள். வெள்ளிக்கிழமை மலை. சனிக்கிழமை என்ஜினைக் கழற்றி எங்கள் கொட்டகைக்கே கொண்டுவந்துவிடுவார்கள்.

அந்த மூன்று நாளும் பேச்சு உண்டு.

"பதினேழாம் நம்பர் ஸ்பேனரு குடுடா."

"உன் காலுக்கடியிலதான் கீதுண்ணே."

"கண்ணு வேற மங்கிப் போச்சி."

"கண்ணு எப்ப நல்லா இருந்திச்சி? பொண்ணு பாக்கப் போயி அவுங்க ஆயாவுக்கு மாலை போடப் போனவன்தானே நீ!"

பெரியப்பா காரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அப்பாவும் சிரிப்பார். ஒரே சொம்பில் மோர் குடிப்பார்கள். சனிக்கிழமை கடைசி போல்ட் கழன்றதும் பேச்சும் கழன்றுவிடும். மறுபடி நான் தபால்காரன்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் பெரியப்பா மகன் மெட்ராஸிலிருந்து வந்தான். எனக்கு அண்ணன் முறை. அங்கே ஒர்க்‌ஷாப்பில் மூன்று வருஷம் இருந்தவன். வரும்போது மினி லாரியில் ஒரு என்ஜினையும் ஏற்றிக்கொண்டு வந்தான். விபத்தில் முகம் நசுங்கிய ஏதோ ஒரு வேனின் டீசல் என்ஜின். அதற்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை, புளி போட்டு விளக்கிய பாத்திரம் மாதிரி மின்னியது. ஊரே சுற்றி நின்று பார்த்தது.

"இனிமே சித்தப்பா வூட்டு என்ஜினு நமக்குத் தேவையில்லப்பா. நம்ம காரு, நம்ம என்ஜினு. மலையேறச்சொல்ல வண்டி நின்னு ஒருத்தரும் எறங்க வேணாம்" என்றான்.

"ஆமா, நல்லதுதான்" என்ற பெரியப்பா, கட்டுத்தறியிலேயே நின்ற மாட்டைத் தேடிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

அம்மா விஷயத்தை எங்கள் வீட்டில் சொன்னபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நல்லதாப் போச்சி" என்றார். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டார். எல்லோரும் நல்லது நல்லது என்கிறார்களே, ஒருத்தர் முகத்திலும் நல்லதைக் காணோமே என்று எனக்குக் குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. எனக்கு ஒரே கவலை. நம் என்ஜின் போகாவிட்டால் நாம் பஸ்ஸில்தான் போகவேண்டும் என்றாள் அம்மா. ஜன்னல் சீட் போச்சு.

வியாழக்கிழமை காலையில் அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றான்.

"சித்தப்பா, செத்த வந்து பாருங்க. என்ஜினு உயரமா நிக்குது, பானெட் மூடல. இந்த வண்டியோட வயிறு உங்களுக்குத்தான் தெரியும்."

அப்பா சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். எழவு வீட்டுக்குப் போவதென்றால்தான் அவர் சட்டை போடுவார். புளியமரத்தடியில் அப்பாவும் பெரியப்பாவும் காருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்றார்கள். வியாழக்கிழமைதான், ஆடிதான். ஆனால் உள்ளே தொங்குவது எங்கள் என்ஜின் இல்லை. பேசலாமா கூடாதா என்று ரெண்டு பேருக்குமே தெரியவில்லை போல.

"செயினை லூசு பண்ணச் சொல்லுடா" என்றார் அப்பா என்னிடம். செயின் பெரியப்பா கையில் இருந்தது. அவரும் என்னைப் பார்த்துக்கொண்டேதான் லூசு பண்ணினார்.

மத்தியானத்துக்குள் அப்பா சொன்ன இடத்தில் என்ஜின் உட்கார்ந்துவிட்டது. பானெட்டையும் மூடிப் பார்த்துவிட்டுத் திறந்துவைத்தார்கள். பழைய என்ஜின் உட்காரும் தாங்கிகளை அண்ணன் வெட்டவில்லை. அவற்றோடு புது என்ஜினைப் பிடிக்க நாலு நீளமான போல்ட் மட்டும் கள்ளக்குறிச்சி லேத்தில் சொல்லிக் கடைந்து வாங்கியிருந்தான். பேப்பரைப் பிரித்து அதைக் காட்டும்போது மாப்பிள்ளை மோதிரம் காட்டுகிறவன் மாதிரி இருந்தான்.

"கடையில கெடைக்காது சித்தப்பா. லேத்துக்காரரும் அவுங்க ஊருல தீமிதின்னு பூட்டிக்கினு போய்ட்டாரு. திங்கக்கெழமதான் வருவாரு. இந்த நாலை முடுக்கிட்டா வேலை முடிஞ்சிது."

நாலையும் காரின் மட்கார்டு மேல் வரிசையாக வைத்தான். பெரியம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். எல்லோரும் போனார்கள். எனக்குப் பசியில்லை என்று அப்பா வேலி தாண்டி வீட்டுக்குப் போனார்.

நான் எங்கே போனேன் என்று கேட்டால், காரின் பின்சீட்டுக்குப் போனேன். கோழி எழுந்து போனதைப் பார்த்துவிட்டேன். முட்டை சூடாக இருந்தது. டவுசர் ஜேபியில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால், பக்கத்து ஜன்னல் வழியாக, மட்கார்டு ஓரத்தில் அப்பா தெரிந்தார்.

அவர் திரும்பி வந்திருந்தார். புது என்ஜினைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஊரார் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல ஒரு தட்டுத் தட்டினார். அப்புறம் மட்கார்டிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து லுங்கி மடிப்பில் சொருகிக்கொண்டு வீட்டைப் பார்த்துப் போய்விட்டார்.

என் அப்பா திருடினார்! எனக்கு முட்டை எடுப்பதற்கே அத்தனை பயம். நான் பின்கதவால் இறங்கி வைக்கோல் போருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். ஒரு போல்ட் போய்விட்டது, மூன்று இருக்கிறது, மூன்றை வைத்து என்ஜின் நிற்குமா என்று யோசித்தேன். என் வாழ்க்கையில் நானாகப் போட்ட முதல் கணக்கு அது.

அண்ணனின் கத்தல் கேட்டு ஓடிவந்தேன். எல்லோரும் கூடிவிட்டார்கள். அப்பாவும் வந்திருந்தார்.

"நாலு வெச்சேன்! ரெண்டுதான் கீது!"

நானும் எண்ணினேன். ரெண்டுதான். மறுபடி எண்ணினேன். அப்பா ஒன்றைத்தான் எடுத்தார், சாமி சத்தியமாக ஒன்றைத்தான். நாலில் ஒன்று போனால் எப்படி ரெண்டு வரும்?

நான் விரல் விட்டு எண்ணியதுதான் தப்பாகிவிட்டது. அண்ணன் என்னைப் பிடித்துவிட்டான். எனக்கு இரும்பு விஷயத்தில் ஏற்கெனவே பெயர் உண்டு. கலப்பை ஆணியைப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றவன்.

"ஜேபியில இன்னாடா உப்பலா கீது? எட்றா போல்ட்டை!" என்று கையை விட்டான்.

வெளியே வந்த கையில் மஞ்சக்கரு வழிந்தது.

ஊரே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. "முட்டை எடுக்கறவன் போல்ட்டை எடுக்க மாட்டானா? எங்கடா போட்ட?"

அம்மா விளக்குமாற்றோடு வேலி தாண்டி வந்தாள். முட்டைக்கு ரெண்டு, போல்ட்டுக்கு ரெண்டு என்று முறையாகத்தான் ஆரம்பித்தாள், அப்புறம் கணக்கில்லாமல் போய்விட்டது.

"நான் எடுக்கலம்மா!"

"நீ எடுக்கலன்னா வேற யார்றா எடுத்தா? சொல்லு!"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பாற்றுவார் என்று பெரியப்பாவைப் பார்த்தேன். அவரும் அதே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர்கள் பார்த்த பார்வைக்கு அந்த மரம் வெட்கப்பட்டு ரெண்டு பூ பூத்திருக்க வேண்டும்.

நான் வாயைத் திறக்கவில்லை. பெரிய தியாகம் என்று நினைக்காதீர்கள். அம்மா கையைவிட அப்பா கை கனம் ஜாஸ்தி, அவ்வளவுதான்.

கடைசியில் பெரியப்பாதான் அம்மாவைத் தடுத்தார். "வுடும்மா. புள்ளைய அடிச்சா போல்ட்டு வருமா?"

"வராதுதான்" என்றார் அப்பா.

"நாளைக்கிப் பொங்கலு. இப்ப இன்னாடா பண்றது?" பெரியப்பா என்னைப் பார்க்காமல் நேராக அப்பாவிடமே கேட்டார்.

"நம்ம பழசு கீதேண்ணே."

"ஆமா. அது கீதே."

"அப்பா, சங்கராபுரத்துல ஒரு லேத்து கீதுப்பா! பஸ்ஸு புடிச்சா சாயங்காலத்துக்குள்ள கடைஞ்சிக்கினு வந்துடுவேன்" என்றான் அண்ணன்.

"வேணாம்" என்றார்கள் ரெண்டு பேரும், ஒரே நேரத்தில்.

பொழுது சாய்வதற்குள் புது என்ஜின் வெளியே, எங்கள் என்ஜின் உள்ளே. அவ்வளவு வேகமாக அவர்கள் வேலை செய்து நான் பார்த்ததில்லை. பதினேழு குடுடா, இந்தாண்ணே. பழைய மாலைக் கதைக்கு அதே சிரிப்பு. மோர்ச் சொம்பு வந்தது. அண்ணன் மட்டும் புது என்ஜினுக்குச் சாக்குப் போர்த்திவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் கோமுகி அணை தாண்டி மலையேற ஆரம்பித்ததும் கார் வழக்கம்போல மூச்சு வாங்கியது. மூன்றாவது வளைவில் பானெட்டுக்குள்ளிருந்து ஆவி. பெண்களும் பிள்ளைகளும் இறங்கினோம். டயருக்குக் கல் முட்டுக் கொடுப்பது என் வேலை. அப்பாவும் பெரியப்பாவும் ஒரே குடத்தைப் பிடித்து ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினார்கள்.

"புது என்ஜினா இருந்தா இந்நேரம் பொங்கலே பொங்கியிருக்கும்" என்றான் அண்ணன்.

"இன்னா அவசரம்? சாமி எங்க ஓடிடப் போவுது?" என்றார் பெரியப்பா.

எனக்கு ஜன்னல் சீட்டை அப்பா தானாகவே கொடுத்தார். வழியில் பெரியப்பா ஒரு பொட்டலம் காராபூந்தி வாங்கிக் கொடுத்தார். அடி வாங்கினால் இத்தனை மரியாதையா, தெரியாமல் போச்சே என்று நினைத்துக்கொண்டேன்.

குலசாமிக்கு முன்னால் பாறை மேல் மூன்று கல் வைத்து அம்மாவும் பெரியம்மாவும் பானையை ஏற்றினார்கள். அடுப்பு மூட்டப் பெரியப்பா குனிந்தார். தீப்பெட்டிக்காக வேட்டி மடிப்பை அவிழ்த்தார். தீப்பெட்டியோடு இன்னொன்றும் விழுந்தது.

டங்.

நீளமாக, லேத்தில் கடைந்த பளபளப்போடு, ஒரு போல்ட்.

அது அப்பா எடுத்தது இல்லை. அப்பாவுடையது எங்கள் வீட்டுச் சாமான் டப்பாவில் கிடந்ததை அன்று காலையில்தான் பார்த்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் நின்ற அப்பா காலை மெதுவாக நகர்த்தி அதன்மேல் வைத்தார். ரெண்டடி தள்ளி விறகு பிளந்துகொண்டிருந்த அண்ணன் திரும்பவில்லை. பெரியப்பா முதலில் அந்தக் காலைப் பார்த்தார். அப்புறம் தலையை நிமிர்த்தி அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"தீப்பெட்டியக் குடுண்ணே, நான் பத்த வெக்கறேன். உனக்குக் கண்ணுல பொகை ஆவாது" என்றார் அப்பா.

பெரியப்பாவின் கண்ணில் அப்போதே தண்ணீர் இருந்தது. அடுப்பு இன்னும் பற்றவே இல்லை.

அப்பா எடுத்தது எனக்குப் புரிந்தது. நம் என்ஜினை வேண்டாம் என்றார்கள், அதனால் எடுத்தார். பெரியப்பா ஏன் எடுத்தார்? அவர் காருக்கு, அவர் மகன் கொண்டுவந்த என்ஜினுக்கு, அவருடைய போல்ட்டை அவரே எதற்குத் திருடவேண்டும்? வீட்டுக்கு வந்து சாமான் டப்பாவைத் திறந்தேன். உள்ளே ரெண்டு போல்ட் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. அந்தச் சனிக்கிழமை என்ஜினைக் கழற்ற யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. அதுவும் புரியவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் வாத்தியார் எல்லோருக்கும் பெரிய பெரிய கணக்காகக் கொடுத்தார். என்னிடம் வந்ததும், என் தகுதி தெரிந்தவர், கேள்வியைச் சிறிதாக்கினார்.

"நாலுல ஒண்ணு போனா எத்தனைடா?"

"ரெண்டு சார்."

"எப்படிடா ரெண்டு?"

"ஒண்ணு எப்படிப் போச்சின்னு தெரியும் சார். இன்னொண்ணு ஏன் போச்சின்னுதான் தெரியல."

முட்டி போடச் சொன்னார். முட்டி போட்டபடியே விரல் விட்டு மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். ரெண்டுதான் வந்தது.