தறிக்குழியில் எரிந்த பல்பு

என் மனைவி எஸ்தரின் வயிற்றுவலிக்குக் காரணம் தறிக்குழியின் ஈரம் என்று மூன்று வருஷம் நம்பினேன். சும்மா நம்பவில்லை. என் ஆட்டோவில் ஏறியவர்களுக்கெல்லாம் அதைப் பிரசங்கமும் செய்தேன்.

எங்கள் வீட்டில் ஆட்டோ என்னுடையது, தறி அவளுடையது. குழிக்குள் காலை விட்டு, மிதிக்கட்டையை மிதித்து, நாள் முழுக்கப் பட்டு நெய்கிறவள். மழைக்காலத்தில் அந்த மண்குழி கசியும். அந்தக் குளிர்ச்சி கால்வழியாக ஏறி வயிற்றில் உட்கார்ந்துவிட்டது என்பது என் கண்டுபிடிப்பு. எனவே குழியில் கோணி விரித்தேன். அது போதாதென்று நூறு வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டேன்.

"இன்னா மாமா, குழிக்குள்ள கோழிக்குஞ்சு பொரிக்கப் போறியா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அது வலி இல்லாத நாள்.

வலிக்கிற நாட்களைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும். மாதவிலக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பே ஆரம்பித்துவிடும். இடுப்பு, தொடை, முதுகு என்று இறங்கும். கழிப்பறைக்குப் போனால் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுவாள். வாயில் துண்டைக் கடித்தபடியே நெய்வாள். பதினாலு வயதில் இப்படித் துடித்தபோது, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்களாம். என்னைக் கட்டிக்கொண்டாள், சரியாகவில்லை. பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்றார்கள். ஜெனிபர் பிறந்தாள், இப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். அப்போதும் சரியாகவில்லை. பெண்களுக்கு இதெல்லாம் சகஜம் என்று எல்லோரும் சொன்னோம். 'எல்லோரும்' என்பதில் நானும் உண்டு.

போன வருஷம் ஒரு நாள் தறியிலேயே மயங்கிச் சாய்ந்தாள். பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அன்றைக்குத்தான் என் கண்டுபிடிப்பு ஆட்டம் கண்டது. ஸ்கேன் எடுக்க அழைத்துப் போனேன். புற்றுநோயாக இருக்கக் கூடாது, ரிப்போர்ட்டில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று இரண்டு நாள் உபவாசம் இருந்து ஜெபித்தேன். பசியில், வழிவிட்டு நின்ற ஒரு மாட்டின் மேல் ஆட்டோவை இடித்தேன். மாடுதான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

ரிப்போர்ட் நார்மல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இதே சபையில் எழுந்து நின்று சொன்ன சாட்சி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கர்த்தர் என் மனைவியின் வயிற்றைத் தொட்டார், நோய் ஓடிப்போயிற்று என்றேன். கையை ஆட்டினேன், குதிக்கவும் குதித்தேன். எல்லோரும் கைதட்டினீர்கள். எஸ்தர் மட்டும் தட்டவில்லை. இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "ஒண்ணுமே இல்லன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டியே மாமா. அப்ப எனக்கு வலிக்கறது பொய்யா?"

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தறிப் பக்கம் திரும்பினேன்.

அப்போதுதான் கவனித்தேன், தறிக்காலில் பட்டு நூல் துண்டுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. எவரோ மந்திரித்துக் கொடுத்த கயிறு என்று நினைத்துக்கொண்டேன். "யாரு குடுத்தாங்க இத?" என்றேன், பெரிய விசுவாசி மாதிரி.

"யாரும் குடுக்கல. வலிச்ச நாளு. நாளுக்கு ஒரு நூலு. எழுந்துக்கவே முடியாத நாளுக்குச் செவப்பு."

"இத ஏன் கட்டிக்கினு இருக்கற?"

"கேக்கறதுக்கு ஆளு இல்ல. கட்டி வெச்சேன்."

அந்த நூல்களை எண்ண ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். சிவப்பு அதிகமாக இருந்தது. தறிக்குழி ஓரத்திலேயே முழங்காலிட்டேன். "ஆண்டவரே, தப்பான ஜெபம் பண்ணிட்டேன். ரிப்போர்ட் நல்லா வரணும்னு கேட்டேன், குடுத்துட்டீர். இவ சொல்றத நம்பற ஒருத்தர எங்களுக்குக் காட்டும்" என்றேன். என் ஜெபங்களிலேயே சின்னது அதுதான்.

மறுநாள் காலையில் நம் சபைப் போதகரம்மா வாசலில் நின்றார். "எஸ்தரு, நேத்து நீ கைதட்டலியேமா. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றார். அவருடைய தங்கைக்கும் இதே வலியாம், அவளுக்கும் முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லையாம். சென்னையில் ஒரு அரசு மருத்துவமனையில் இதை நன்றாகத் தெரிந்த பெண் மருத்துவர் ஒருவர் இருக்கிறார் என்றார்.

காலை ரயிலில் போனோம். இந்த ஜோக்கரின் தைரியத்தைக் கேளுங்கள். வாலாஜாபாத் வருவதற்குள் எஸ்தரை மனதுக்குள் அடக்கம் செய்துவிட்டேன். செங்கல்பட்டில் ஜெனிபருக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டிருந்தேன். தாம்பரத்தில் நான் தனியாகச் சுட்ட முதல் தோசை கருகியது, நான் அழுதுவிட்டேன். எஸ்தர் ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். "இன்னாத்துக்கு அழுவுற? இந்தா, கடல துன்னு" என்றாள்.

மருத்துவர் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, எத்தனை வருஷம், எந்தெந்த நாள், எங்கெங்கே வலி என்று அவளிடம் கேட்டார். எஸ்தர் பர்ஸிலிருந்து அந்தத் தறிக்கால் நூல்களை எடுத்து மேசையில் வைத்தாள். மாதத்துக்கு ஒரு முடிச்சாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். மருத்துவர் ஒவ்வொரு முடிச்சாக விரல் வைத்துப் பார்த்தார்.

"ஸ்கேன்ல தெரியாததெல்லாம் இதுல இருக்கேம்மா" என்றார்.

அதன் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உள்பக்கம் இருக்கிற சவ்வு போன்ற ஒன்று, கர்ப்பப்பைக்கு வெளியேயும் வளர்கிறதாம். மாதாமாதம் அதுவும் வீங்கிக் கசியும், வெளியேற வழி இருக்காது. அங்கேயே புண்ணாகி உள்ளுறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். புற்றுநோய் இல்லை. சாதாரண ஸ்கேனில் பல சமயம் தெரியாது. நான் ஈரக் குழியைப் பற்றிக் கேட்டேன். மருத்துவர் சிரிக்கவில்லை. "குழிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லங்க" என்றார். அவர் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

முதலில் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். வலி கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. பிறகு தொப்புள் பக்கம் சின்னத் துளைபோட்டு, கேமரா விட்டுப் பார்த்தார்கள். நோய் அங்கேதான் இருந்தது. எட்டிய இடத்திலெல்லாம் அகற்றி, ஒட்டியிருந்ததைப் பிரித்துவிட்டார்கள். அவ்வளவு நேரமும் வெளியே நான் ஆண்டவருக்குப் பொருத்தனை மேல் பொருத்தனை செய்தேன். பீடியை விடுகிறேன் என்றேன். கேலி பேசுவதையும் விடுகிறேன் என்றேன். எஸ்தர் கண் திறந்ததும் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"மாமா, குழியில அந்த பல்ப அணைச்சியா?"

அணைக்கவில்லை. பக்கத்துப் படுக்கை அம்மா தையல் வலியோடு சிரித்தார். பீடியை விட்டுவிட்டேன். இரண்டாவது பொருத்தனையைப் பற்றி ஆண்டவரிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

அருமையானவர்களே, அன்று சொன்ன சாட்சியை வாபஸ் வாங்கிக்கொண்டு இதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் மனைவியோ மகளோ வலிக்கிறது என்றால் முதலில் நம்புங்கள். நம்பிவிட்டு ஜெபியுங்கள், ஜெபித்துவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஒருவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம் போங்கள். கேட்கிற காதுள்ள ஆளை ஆண்டவர் வைத்திருக்கிறார். எங்களுக்கு மூன்று பேரை வைத்திருந்தார், மூன்றாவது நான், தாமதமாக வந்து சேர்ந்தேன். அவருக்கு நன்றி.

எஸ்தருக்கு நோய் முழுக்கப் போய்விட்டது என்று இந்தத் தடவை சொல்லமாட்டேன். திரும்பி வரலாம் என்று மருத்துவரே சொல்லியிருக்கிறார். மாத்திரை தொடர்கிறது. குழியில் பல்பு இல்லை. போன மாதம் தறிக்காலில் இரண்டு நூல் இருந்தது. இந்த மாதம் ஒன்று. அது சிவப்பு இல்லை.