இறுக்கிக் கட்டிய கால்

புளி உலுக்க ஏறிய என் வீட்டுக்காரர் கிளையோடு கீழே வந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. செங்கம் ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். அதை வெட்டியெடுத்த அன்று, கழற்றி மாட்டுகிற பட்டை ஒன்றைக் கொடுத்து, காலை ஊன்றக் கூடாது, ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பட்டையை வீட்டில் மாட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு விரல் விடலாம், அவ்வளவு தொளதொளப்பு. இதை நம்பி எப்படி இருப்பது? எங்கள் மலையில் ஆட்டுக்குக் கால் முறிந்தால் மூங்கில் பத்தை வைத்து நான்தான் கட்டுவேன். அசையாமல் இறுக்கிக் கட்டினால் எலும்பு கூடும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். நான் கட்டிய ஆடு எதுவும் நொண்டியதில்லை என்ற திமிர் வேறு. பட்டையைத் தூக்கி மூலையில் போட்டேன். நாலு பத்தை சீவி, பழைய சேலையைக் கிழித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக் கட்டினேன்.

கட்டினேனே தவிர நிம்மதி வரவில்லை. புளியங்கொட்டை எடுக்க உட்கார்ந்தாலும் நினைப்பெல்லாம் அந்தக் காலிலேயே இருந்தது. கூடாமல் போனால் இந்த மேட்டிலும் பள்ளத்திலும் மனுஷன் எப்படி நடப்பார்? ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்பேன்.

"காலு இன்னா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ல. போய் வேலைய பாரு."

விரல்கள் சில்லென்று இருந்தன. அசையாமல் கிடக்கிற கால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, தளர்ந்த கட்டைத் தினமும் காலையில் மறுபடி இழுத்து முடிந்தேன்.

மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா முதலில் சேலைக் கட்டைத்தான் பார்த்தார். அவிழ்த்தார். தோலில் பத்தை பதிந்த பள்ளம். கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்த நகம் சிவக்க வெகு நேரமானது. எக்ஸ்ரே படத்தில் முறிவு முறிவாகவே இருந்தது.

"யாரு கட்டுனது?"

"நான்தாம்மா கட்டிக்கினேன்," என்றார் இவர்.

எனக்காக அவர் பேச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "நான்தாங்க கட்டினேன். இறுக்கினா சீக்கிரம் கூடும்னு," என்றேன்.

டாக்டரம்மா திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "முறிஞ்ச எடத்துக்கு மொதல்ல பொடிப் பொடி ரத்தக்குழாய் வரணும்மா. எலும்பு கட்டுற சரக்கு அது வழியாதான் வரும். முறிஞ்ச எலும்பே அந்தக் குழாய வான்னு கூப்பிடும். குழாய் வந்தா எலும்பு வளரும், எலும்பு வளர வளர குழாயும் பெருகும். நீங்க வழிய அடைச்சிட்டீங்க." இன்னும் ஆறு வாரம் பார்க்கலாம், கூடாவிட்டால் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்கும் ஆபரேஷன்தான் என்றார்.

அந்த ஆறு வாரமும் பட்டையை டாக்டரம்மா சொன்னபடியே மாட்டினேன். நகத்தை அழுத்தி அழுத்திப் பார்த்து வீட்டுக்காரரிடம் வசவு வாங்கினேன்.

புதுப் படத்தில் முறிவைச் சுற்றி வெள்ளையாக, பஞ்சு ஒட்டினாற்போல் தெரிந்தது. "ரத்தம் போய்ச் சேந்திருக்கு. எலும்பு வருது. ஆபரேஷன் வேணாம்," என்றார் டாக்டரம்மா. நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் இவரைக் கேட்டேன். "நான் கட்டினப்போ காலு மரத்துப் போச்சாய்யா?"

"ரெண்டாம் நாளே போச்சு."

"அத்தினி வாட்டி கேட்டனே. ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னும் இறுக்கிக் கட்டியிருப்ப."

அவர் சொன்னது நிஜம்தான். கட்டியிருப்பேன்.