பள்ளிகொண்டா சாலையில் நின்றுபோன மோட்டாரும் என் ஜெபமும்

அன்பான சபையாரே, என் மனைவி ரூத் என் கண்ணெதிரே செத்துப்போவாள் என்று நான் முடிவு கட்டிவிட்ட ஒரு பகலைப் பற்றிச் சொல்லவே இன்று எழுந்து நிற்கிறேன். பேசிப் பழக்கமில்லாதவன். தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் வைத்திருக்கும் ஒரு சாயபுவிடம் நான் மோட்டார் டிரைவராக இருக்கிறேன். ஈஸ்டர் கழிந்த வாரம் அது. ரூத்துக்குத் தலைப்பிரசவம். முந்தின நாளே வலி கண்டும் பிள்ளை வரவில்லை. காலையில் மருத்துவச்சி வெளியே வந்து, "கொழந்த குறுக்கால கெடக்குது. என்னால ஆவாது. வேலூருக்குத் தூக்கினு போயிடு" என்று சொல்லிவிட்டாள்.

நான் முதலாளி வீட்டுக்கு ஓடினேன். சொல்லி முடிக்கக்கூட அவர் விடவில்லை. "வண்டிய எடுத்துனு போப்பா. இதுக்குப் போய் கேட்டுனு நிக்கிறியே!" என்றார்.

பின் ஸீட்டில் ரூத்தைப் படுக்க வைத்தேன்; என் அக்கா சாராள் தன் மடியில் அவள் தலையைத் தாங்கிக்கொண்டாள். கடைத்தெரு வளைவில் திரும்பும்போது, பச்சைத்தோல் ஏற்றி வந்த ஒரு வண்டியின் மாடுகள் எங்கள் மோட்டாரைக் கண்டு மிரண்டு குறுக்கே பாய்ந்தன. நான் இடது பக்கம் ஒடித்தேன். முன்சக்கரம் தெருவோரத்துக் கருங்கல்லில் போய் மோதியது. ரூத் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

வண்டி நிற்கவில்லை, ஓடியது. ஆனால் ஸ்டியரிங் என் கைக்கு அடங்கவில்லை. நேராகப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. இறங்கிக் குனிந்து பார்த்தேன். இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கிற கம்பி வளைந்து, ஒரு சக்கரம் ரோட்டைப் பார்க்க, மற்றது ஓரத்துப் புளியமரத்தைப் பார்த்து நின்றது. கழற்றி நிமிர்த்த உலை வேண்டும், ஆள் வேண்டும், நேரம் வேண்டும். எனக்கு எதுவும் இல்லை. அப்படியே ஓட்டினேன்.

முழுப் பலத்தோடு வலப்பக்கம் பிடித்துக்கொண்டே போனேன். தோள் மரத்துப்போனது. சக்கரம் உருளாமல் ரோட்டில் தேய்ந்துகொண்டே வந்ததால் ரப்பர் கருகும் நாற்றம் அடித்தது. மாதனூர் தாண்டியதும் டயர் கிழிந்தது. ஸ்டெப்னியை மாட்டினேன். கோணல் சக்கரம் அதையும் தின்றது. பள்ளிகொண்டா தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அதுவும் வெடித்தது.

நல்ல வெயில். முன்னும் பின்னும் ஆள் நடமாட்டமே இல்லை. ரூத்தின் உதடு வெளுத்திருந்தது. "இன்னாங்க, வண்டி நின்னுட்ச்சா?" என்று கேட்டாள். "இதோ, இப்ப சரியாயிடும்" என்று பொய் சொன்னேன்.

சக்கரத்தின் பக்கத்தில் முழங்கால் போட்டேன். தார் சுட்டது. "ஆண்டவரே, இந்தச் சக்கரத்த மட்டும் நேராக்கிக் குடும்" என்று கெஞ்சினேன். வேறு வார்த்தை வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதேன். கண்ணைத் திறந்தேன். சக்கரம் கோணலாகவே இருந்தது. எனக்கு யாருமில்லை என்று அப்போது நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் வாணியம்பாடிப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது. எப்போதோ போயிருக்க வேண்டிய பஸ். வழியில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டதாம். நான் ரோட்டின் நடுவில் போய்க் கையை விரித்து நின்றேன்.

கண்டக்டர் எட்டிப் பார்த்து, "நிக்கக்கூட எடம் இல்லியேப்பா. படுத்த பொம்பளைய எங்க ஏத்தறது?" என்றார். அவரும் கல்நெஞ்சர் அல்ல. ஆட்கள் படிக்கட்டு வரை தொங்கிக்கொண்டு வந்தார்கள்.

அப்போது உள்ளிருந்து ஒரு வயதான முஸ்லிம் பெரியவர் ஜனங்களை விலக்கிக்கொண்டு இறங்கினார். "எடம் இல்லன்னா இன்னாப்பா, நாம எறங்குனா எடம் வந்துடுது. எறங்குங்க, உசுரு போற பேஜார்ல கெடக்குது அந்தப் பொண்ணு" என்றார்.

அவர் பின்னால் கோழிக்கூடையோடு ஒருவர் இறங்கினார். பிறகு தலைப்பாகை கட்டிய விவசாயிகள் இறங்கினார்கள். பிறகு வரிசையாக ஆண்கள் எல்லோரும். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. பெரியவர் தன் சால்வையை விரித்துப் பிடிக்க, அதன் மறைவில் பெண்கள் ரூத்தைத் தூக்கி உள்ளே படுக்கவைத்தார்கள்.

நான் முதலாளியின் வண்டியைப் பார்த்துத் தயங்கி நின்றேன். ஒரு விவசாயி என் தோளைப் பிடித்துத் தள்ளினார். "வண்டிய நாங்க பாத்துக்கறோம். நீ அந்தப் பொண்ணு கூடப் போ, சாமி."

வேலூர் ஆஸ்பத்திரியில் உடனே ரூத்தை உள்ளே கொண்டுபோனார்கள். ஆபரேஷன் செய்தார்கள். அக்காவும் நானும் வெளியே சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். ஜெபம் பண்ணக்கூட என்னிடம் தெம்பு இல்லை. சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்து, "ரெண்டு பேரும் இருக்காங்க" என்றார். எனக்கு விளங்கவில்லை. "யாரு ரெண்டு பேரு?" என்று கேட்டேன். அக்காதான் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெண்பிள்ளை. கிருபை என்று பெயர் வைத்தோம்.

மறுநாள் ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு பள்ளிகொண்டா சாலைக்குப் போனேன். வெயில் படாதபடி வண்டி மேல் புளியந்தழையைப் போட்டு மூடியிருந்தது. அந்த விவசாயியும் இன்னொருவரும் மாற்றி மாற்றிக் காவல் இருந்திருக்கிறார்கள். என்னைக் கண்டதும் அவர் எழுந்து ஓடி வந்து கேட்ட முதல் கேள்வி, "கொழந்த பொறந்துச்சா?" என்பதுதான். நான் தலையாட்டினேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கம்பியை மெக்கானிக் அன்றைக்கே காய்ச்சி நிமிர்த்திவிட்டார். சபையாரே, அந்தச் சக்கரத்தைத் தவிர வேறு எதையும் நான் ஆண்டவரிடம் கேட்கவில்லை. அவரோ எனக்காக ஒரு பஸ் நிறைய மனுஷரை வெயிலில் இறக்கி நிற்கவைத்தார். அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. தினமும் அவர்களுக்காக ஜெபிக்கிறேன். இப்போதெல்லாம் வழியில் யார் தவித்து நின்றாலும் வண்டியை நிறுத்தாமல் போக எனக்கு மனசு வருவதில்லை. முதலாளியும் தடுப்பதில்லை.

உங்களில் யாராவது இன்று அழுது ஜெபித்துவிட்டு, கண்ணைத் திறந்து, ஒன்றும் மாறவில்லையே என்று உடைந்துபோய் உட்கார்ந்திருக்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன். எழுந்து ரோட்டைப் பாருங்கள். அவர் ஏற்கனவே ஆளை அனுப்பிவிட்டார்.